கேகன்பிரஸ்ஸிங்: க்ளோப்பின் அணிகள் எதற்காக அப்படி ஓடின?

ஜெர்மன் கால்பந்துப் பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் பெயரை எடுத்தாலே கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சொல் கேகன்பிரஸ்ஸிங். வர்ணனையாளர்கள் அதை ஆட்டத்துக்குப் பத்து முறை சொல்கிறார்கள். ரசிகர்களும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் அது என்ன என்று ஒரு புதியவர் கேட்டால், "விடாம ஓடி ஓடி பந்தைப் பிடுங்குறது" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். கோட்டுக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக் கத்தும் க்ளோப்பின் முகம் வேறு மனதில் இருப்பதால், அந்தப் பதில் பொருத்தமாகவும் தோன்றிவிடுகிறது.

அந்த ஓட்டம் உண்மைதான். ஆனால் நிறைய ஓடித் தோற்ற அணிகள் எல்லா லீக்கிலும் உண்டு. எப்போது ஓடுவது, அதற்கு முன்பு எங்கே நிற்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், மைன்ஸ் என்ற சிறிய ஜெர்மன் கிளப்பின் சுமாரான வீரர் ஒருவர் பயிற்சியாளராகி ஜெர்மனியின் டார்ட்மண்டையும் இங்கிலாந்தின் லிவர்பூலையும் எப்படிச் சாம்பியனாக்கினார் என்பதும் ஓரளவு புரிந்துவிடும்.

முதலில் ஒரு கபடி ரெய்டு

எதிர்ப்பக்கம் நுழைந்த ரெய்டர் இரண்டு காலிலும் எடையைச் சமமாக வைத்து, இங்குமங்கும் அசைந்துகொண்டிருக்கும்போது அவரைத் தொடுவதே ஆபத்து. ஆனால் யாரையாவது தொடுவதற்காக ஒரு காலை நீட்டுகிறார் பாருங்கள், அந்த நொடியில் அவர் எடை முழுவதும் மற்றக் காலில் இருக்கிறது. கண் நீட்டிய காலின் மேல் இருக்கிறது. நல்ல தடுப்பாட்டக்காரர் கணுக்காலைப் பிடிப்பது அப்போதுதான். ரெய்டர் பலவீனமானவர் என்பதல்ல, அந்த ஒரு நொடி அவர் தயாராக இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் மட்டும் பாய்ந்து பிடித்தால் ரெய்டர் உதறிவிட்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் அதே வேகத்தில் வந்து அமுக்க வேண்டும். அப்படி வர வேண்டுமென்றால் அவர்கள் ஏற்கெனவே பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

நொடியும் நெருக்கமும். இந்த இரண்டையும் கால்பந்து மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போவோம்.

பந்து கைமாறும் நேரம்

கால்பந்தில் ஓர் அணி எந்நேரமும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். பந்து நம்மிடம் இருக்கிறது. பந்து எதிரணியிடம் இருக்கிறது. இவை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மற்ற இரண்டும் குறுகியவை: பந்தை இப்போதுதான் பறிகொடுத்தோம், பந்தை இப்போதுதான் பிடித்தோம். இந்தக் குறுகிய நேரங்களை டிரான்சிஷன் என்பார்கள். சில வினாடிகளில் முடிந்துவிடும். கோல்களில் ஆச்சரியமான பங்கு அங்கேதான் விளைகிறது, ஏனென்றால் அப்போது இரண்டு அணிகளுமே ஒழுங்கான அமைப்பில் இருப்பதில்லை.

பந்தை இழந்த அந்த வினாடியில் ஓர் அணி என்ன செய்யலாம்? பழைய, பாதுகாப்பான வழி, எல்லோரும் ஓடிவந்து தங்கள் கோலுக்கு முன்னால் வரிசை கட்டுவது. இன்னொரு வழி, பின்வாங்காமல், இழந்த இடத்திலேயே, இழந்த உடனேயே பந்தைத் திரும்பப் பறிக்கப் பாய்வது. இந்த இரண்டாவது வழிதான் கேகன்பிரஸ்ஸிங்.

ஏன் உடனே?

எதிரணி வீரர் ஒருவர் இப்போதுதான் நம் பந்தைப் பிடுங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடுங்குவதற்காக அவர் ஒரு முழு முயற்சி போட்டிருக்கிறார். மூச்சு வாங்குகிறது. கண் பந்தின் மேலேயே இருந்ததால், தன் அணியினர் யார் எங்கே என்று அவருக்கு இன்னும் தெரியாது. தலையை நிமிர்த்திப் பார்த்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு வினாடியோ இரண்டோ வேண்டும். பந்தைத் திரும்பப் பெற மிகச் சிறந்த தருணம் இதுதான் என்பது க்ளோப் பலமுறை விளக்கிய கணக்கு. நீட்டிய காலை நினைத்துப் பாருங்கள்.

அவருடைய அணியினரின் நிலை இன்னும் சுவாரஸ்யம். பந்து கிடைத்துவிட்டது என்றவுடன் அவர்கள் தாக்குதலுக்காகப் பரவத் தொடங்குகிறார்கள். ஓரத்தில் ஆடும் விங்கர் பக்கவாட்டுக் கோட்டை நோக்கி ஓடுகிறார், பின்கள வீரர்கள் ஒருவரை விட்டு ஒருவர் விலகுகிறார்கள், நடுக்கள வீரர் ஒருவர் முன்னே பாய்கிறார். இறுக்கமாக இருந்த தற்காப்பை அவர்களாகவே அவிழ்த்துவிட்டார்கள். இந்த நேரத்தில் பந்து மறுபடி நம் காலுக்கு வந்தால்? அதுவும் அவர்கள் கோலுக்கு இருபது, முப்பது மீட்டர் தூரத்தில்?

பிளேமேக்கர் என்று ஒருவர் உண்டு. இறுகிய தற்காப்பைப் பிளக்கும் அந்தக் கடைசிப் பாஸைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். அணியிலேயே அதிகத் திறமையும் அதிக விலையும் கொண்டவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். நல்ல கேகன்பிரஸ்ஸிங்குக்கு நிகரான பிளேமேக்கர் உலகத்திலேயே கிடையாது என்று க்ளோப் சொன்னதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. மேதை ஒருவர் உடைக்க வேண்டிய தற்காப்பு, சரியான நொடியில் பந்தைப் பறித்தால் ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. சாதாரணமான ஒரு பாஸ் போதும்.

ஆகவே கேகன்பிரஸ்ஸிங்கை வெறும் தற்காப்பு உத்தி என்று நினைப்பது முதல் தவறு. அது தடுக்கவும் செய்கிறது, கோல் வாய்ப்பும் உண்டாக்குகிறது. க்ளோப்புக்கு இரண்டாவதுதான் அதிக முக்கியம்.

பிரஸ்ஸிங் வேறு, இது வேறு

இரண்டாவது குழப்பம் இது. பிரஸ்ஸிங் என்பது பொதுப்பெயர்: பந்து வைத்திருக்கும் எதிரணிக்கு நேரமும் இடமும் கொடுக்காமல் நெருக்குவது. எதிரணி கோல்கீப்பர் நிதானமாகப் பந்தை உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும்போது நம் முன்கள வீரர்கள் போய் நெருக்கினால், அது பிரஸ்ஸிங். நாம் இப்போதுதான் பந்தை இழந்திருந்தால் மட்டுமே அது கேகன்பிரஸ்ஸிங். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது.

ஓர் உதாரணம். 2014 ஜூலை 8, பெலோ ஒரிசொன்ட்டே. உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலை ஜெர்மனி 7-1 என்று நொறுக்கிய ஆட்டம். மூன்றாவது கோலுக்குப் பிறகு பிரேசில் நடுவிலிருந்து மறுபடி ஆட்டத்தைத் தொடங்குகிறது. டோனி க்ரோஸ் ஃபெர்னான்டீனியோவிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, கெதீராவுடன் கொடுத்து வாங்கி நான்காவது கோலை அடிக்கிறார். அருமையான கேகன்பிரஸ்ஸிங் என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. இல்லை. அந்தப் பந்து தொடக்கத்திலிருந்தே பிரேசிலுடையது, ஜெர்மனி எதையும் இழக்கவில்லை. அது நல்ல பிரஸ்ஸிங், அவ்வளவுதான்.

பந்தை இழப்பதற்கு முன்பே தொடங்கும் வேலை

சரி, பந்து போனவுடன் பாய வேண்டும். யார் பாய்வது?

பந்துக்கு மிக அருகில் இருப்பவர் நேராகப் போகிறார். சும்மா போவதில்லை. முன்னோக்கிப் பாஸ் போக முடியாதபடி வழியை மறித்துக்கொண்டு போகிறார். அடுத்த இரண்டு மூன்று பேர் எதிராளியின் பக்கத்தில் இருக்கும் ஆட்களை அடைக்கிறார்கள், அதாவது எளிதான பாஸ்கள் எல்லாவற்றையும். பின்கள வரிசை பின்னால் ஓடாமல் ஓரிரு அடி முன்னே ஏறி, நடுவில் இருக்கும் இடைவெளியைச் சுருக்குகிறது. எதிராளிக்கு மிஞ்சுவது மூன்றே வழிகள்: அவசரத்தில் தப்பான பாஸ், கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட உதை, அல்லது பந்தைப் பறிகொடுப்பது.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் அந்த நான்கைந்து பேரும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். முப்பது மீட்டர் தள்ளி நிற்பவர் எவ்வளவு வெறியோடு ஓடினாலும் அவர் வந்து சேரும்போது பந்து போயிருக்கும். அதனால் இந்த உத்தியின் பாதி வேலை நம்மிடம் பந்து இருக்கும்போதே நடந்துவிடுகிறது. தாக்கும்போதே நெருக்கமாக நிற்பது, விங்கர்களை உள்ளே இழுத்துக்கொள்வது, பந்து போகிற பக்கமாக மொத்த அணியும் நகர்வது. க்ளோப்பின் டார்ட்மண்ட் கூட்டமாக இருக்கும் இடத்துக்குள் வேண்டுமென்றே ஆபத்தான பாஸ்களை அனுப்பும். பார்ப்பவருக்கு அது பொறுப்பில்லாத ஆட்டமாகத் தெரியும். ஆனால் போய்ச் சேர்ந்தால் கோல் வாய்ப்பு, பறிபோனால் அங்கேயே நம் ஆட்கள் நான்கு பேர். இரண்டுமே லாபம்.

எல்லையும் உண்டு. ஐந்து, அதிகம் போனால் எட்டு வினாடி. அதற்குள் கிடைக்கவில்லை என்றால் எதிராளி சுதாரித்துவிட்டார் என்று அர்த்தம், எல்லோரும் பின்வாங்கி வழக்கமான அமைப்புக்குப் போய்விட வேண்டும். ஆட்டம் முழுக்க விரட்டிக்கொண்டே இருப்பது கேகன்பிரஸ்ஸிங் அல்ல, முட்டாள்தனம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பந்தை இழந்தவுடன் சில வினாடி மட்டும் செய்யும் கூட்டுப் பாய்ச்சல். எதிராளி நிலைதடுமாறி இருக்கும் நொடியைப் பயன்படுத்துகிறது. முன்கூட்டியே நெருக்கமாக நிற்காத அணியால் செய்ய முடியாது.

க்ளோப் கண்டுபிடித்ததா?

இல்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

க்ளோப் 1967இல் ஷ்டுட்கார்ட்டில் பிறந்தவர், கருங்காடு மலைப்பகுதியில் கிளாட்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1990இலிருந்து 2001 வரை, பதினோரு ஆண்டுகள், மைன்ஸ் 05 கிளப்புக்காக ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் ஆடினார். 325 ஆட்டங்கள். முன்கள வீரராகத் தொடங்கி, பிறகு வலது பின்கள வீரரானார். தன் கால்கள் நான்காம் பிரிவுக்கும் தலை முதல் பிரிவுக்கும் உரியவை என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார். ஆடிக்கொண்டே ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலும் படித்து முடித்தார்.

1995இல் வோல்ஃப்காங் ஃபிராங்க் மைன்ஸின் பயிற்சியாளராக வந்தார். க்ளோப்பின் கதையில் இவரை விட முக்கியமான ஆள் கிடையாது என்பது என் எண்ணம், ஆனால் ஜெர்மனிக்கு வெளியே இவரைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அன்றைய ஜெர்மன் அணிகள் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல் போட்டு, பின்னால் 'லிபரோ' என்ற தனி ஒருவரை நிறுத்தி ஆடின. ஃபிராங்க்கை ஈர்த்ததோ இத்தாலியப் பயிற்சியாளர் அரிகோ சாக்கி மிலான் அணியில் செய்து காட்டியது: நான்கு பேர் கொண்ட பின்வரிசை, ஆளைத் தொடராமல் இடத்தைக் காக்கும் தற்காப்பு, மொத்த அணியும் ஒரே உடம்பாக நகர்வது. மைன்ஸ் வீரர்களை உட்காரவைத்து சாக்கியின் பயிற்சி வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். மிலானின் பின்கள வீரர்கள் மால்டினியும் பரேசியும் பந்தே இல்லாமல் கம்புகளுக்கு நடுவே இடம் மாறி நடக்கும் வீடியோ. படு போர் என்று க்ளோப் பின்னாளில் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்தார். ஆனால் எதிரணியில் நல்ல வீரர்கள் இருந்தால் நாம் தோற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நினைப்பு தனக்குப் போனது அதற்குப் பிறகுதான் என்றும் சொன்னார். அந்தப் பருவத்தின் குளிர்கால இடைவேளையில் கடைசி இடத்தில் கிடந்த மைன்ஸ், இரண்டாம் பாதியில் எழுந்து, கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தது.

இந்த யோசனையின் இன்னொரு கிளை ரால்ஃப் ராங்னிக் என்ற ஜெர்மன் பயிற்சியாளரிடமிருந்து வருகிறது. 1980களின் தொடக்கத்தில் அவர் பாக்னாங் என்ற சிறிய அணியில் வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தபோது, வலேரி லோபனோவ்ஸ்கி பயிற்றுவித்த டைனமோ கீவ் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிராளிகள். ஒரு த்ரோ-இன் கிடைத்த இடைவேளையில், கூடுதலாக யாரையும் இறக்கிவிட்டார்களா என்று எதிரணி ஆட்களை எண்ணிப் பார்த்தாராம்! பதினொரு பேர்தான். இந்த யோசனைகளை ராங்னிக் பிறகு தென்ஜெர்மனியில் வளர்த்தெடுத்தார். 1998இல் தொலைக்காட்சியில் காந்தப் பலகை வைத்து நான்கு பேர் பின்வரிசையை விளக்கியபோது 'பேராசிரியர்' என்று கேலி செய்தார்கள். 2008இல் அவருடைய ஹொஃபன்ஹைம், புதிதாகப் பொறுப்பேற்றிருந்த க்ளோப்பின் டார்ட்மண்டை 4-1 என்று வென்றது. நாங்களும் இப்படித்தான் ஆட விரும்புகிறோம் என்று தோற்ற க்ளோப் அப்போது சொன்னார்.

அதே காலத்தில் பார்சிலோனாவில் பயிற்சியாளர் குவார்தியோலாவின் அணியும் பந்தை இழந்தவுடன் ஐந்து வினாடிப் பாய்ச்சலைச் செய்துகொண்டிருந்தது. நோக்கம்தான் வேறு. பந்தைத் தன்னிடமே வைத்திருப்பதற்காக அவர் பறித்தார், உடனே கோலை நோக்கிப் போவதற்காக க்ளோப் பறித்தார்.

மைன்ஸிலிருந்து டார்ட்மண்டுக்கு

2001 பிப்ரவரி இறுதியில், மைன்ஸ் மூன்றாம் பிரிவுக்கு இறங்கும் நிலையில் இருந்தபோது, அணியில் ஆடிக்கொண்டிருந்த க்ளோப்பையே மேனேஜராக்கினார்கள். முதல் ஆட்டத்தில் டூயிஸ்புர்கை 1-0 என்று வென்றார்கள், அந்த ஆண்டு தப்பித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் நான்காம் இடம், மேலே ஏற ஓர் இடம் குறைவு. 2004இல் கிளப் வரலாற்றில் முதல்முறையாக முதல் பிரிவான புண்டஸ்லிகாவுக்குள் நுழைந்தது. 2007இல் மறுபடி இறங்கியது. 2008இல் க்ளோப் கிளம்பினார்.

டார்ட்மண்ட் 2005இல் திவாலாகும் விளிம்பு வரை போய்த் திரும்பிய கிளப். விலை கொடுத்து நட்சத்திரங்களை வாங்க வழியில்லை. ஹும்மல்ஸ், சுபோடிச், கோட்ஸெ, கககாவா, லெவண்டோவ்ஸ்கி என்று பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த, இன்னும் பெயர் வாங்காத இளைஞர்கள்தான் இருந்தார்கள். விலையுயர்ந்த பிளேமேக்கர் இல்லாத குறையைக் கேகன்பிரஸ்ஸிங் நிரப்பும் என்று மேலே பார்த்தோம் இல்லையா, அது நடைமுறையில் நடந்தது இங்கேதான். 2011இலும் 2012இலும் லீக் பட்டம். 2012 ஜெர்மன் கோப்பை இறுதியில் பயர்ன் மியூனிக்கை 5-2 என்று வீழ்த்தினார்கள். 2013இல் ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிவரை போய், வெம்ப்லியில் அதே பயர்னிடம் 2-1 என்று தோற்றார்கள்.

பிறகு வந்த சரிவும் பாடம்தான். கோட்ஸெவும் லெவண்டோவ்ஸ்கியும் பயர்னுக்குப் போய்விட்டார்கள், காயங்கள் வேறு. அதைவிடப் பெரிய சிக்கல், எதிரணிகள் விடையைக் கண்டுபிடித்துவிட்டன: பந்தே வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் கோலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, பந்து கிடைத்தால் நடுக்களத்துக்கு மேலே தூக்கி அடித்துவிட்டார்கள். பந்தைத் தரையில் வைத்து ஆட முயலாத அணியிடமிருந்து எதைப் பறிப்பது? 2014-15 குளிர்கால இடைவேளையில் டார்ட்மண்ட் 17ஆம் இடத்தில் இருந்தது. கடைசியில் ஏழாவதாக முடித்தார்கள், க்ளோப் விடைபெற்றார்.

லிவர்பூல்: அளவைக் குறைத்த கதை

2015 அக்டோபரில் க்ளோப் லிவர்பூலுக்கு வந்தார். முதல் ஆட்டம் டாட்டன்ஹாமோடு 0-0. களைத்துப்போய் வெளியே வந்த லிவர்பூல் வீரர் ஆடம் லல்லானா க்ளோப்பின் கைகளில் சரியும் படம் பிரபலமானது. 'ஓட்டம்தான் எல்லாம்' என்ற கருத்து இங்கிலாந்தில் வேர்விட்டதில் அந்தப் படத்துக்கும் பங்குண்டு.

தொடக்க ஆண்டுகளின் உச்சம் 2018 ஜனவரி, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்ட். அதுவரை லீக்கில் தோற்காத மான்செஸ்டர் சிட்டியை 4-3 என்று வென்றார்கள். இரண்டாம் பாதியில் ஒன்பது நிமிடத்துக்குள் மூன்று கோல். மூன்றாவதில், நெருக்கடியில் வெளியே ஓடிவந்த கோல்கீப்பர் எடர்சன் உதைத்த பந்து நேராக லிவர்பூலின் முகமது சலாவிடம் வந்தது, அவர் தொலைவிலிருந்தே கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கி உள்ளே போட்டார். ஆனால் ஸ்கோரின் மறுபக்கத்தையும் பாருங்கள், மூன்று கோல் வாங்கவும் செய்தார்கள். பாய்ச்சல் தவறினால் பின்னால் வெறும் மைதானம்.

அந்த மாதமே பின்கள வீரர் வர்ஜில் வான் டைக் வந்தார், கோடையில் கோல்கீப்பர் அலிசனும் நடுக்களத்தில் ஃபபீனியோவும். 2017-18இல் லீக்கில் 38 கோல் வாங்கிய அணி அடுத்த ஆண்டு 22 மட்டுமே வாங்கியது. பலர் கவனிக்காதது, இந்தக் காலத்தில் லிவர்பூல் முன்பைவிட நிதானமாக ஆடியது. பந்தை வைத்திருக்கக் கற்றுக்கொண்டது, கேகன்பிரஸ்ஸிங் இடம் பார்த்துப் பயன்படுத்தும் கருவியானது. 2019இல் பார்சிலோனாவிடம் 3-0 என்று தோற்றுவந்து ஆன்ஃபீல்டில் 4-0 என்று திருப்பிக் கொடுத்து, மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார்கள். 2020இல் 99 புள்ளிகளோடு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம். டார்ட்மண்டின் முதல் ஆண்டுகளை மட்டும் வைத்து க்ளோப்பை அளப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

நிற்கும் இடம்தான் முக்கியம் என்பதற்கு ஆதாரம் வேண்டுமானால் 2020-21 இருக்கிறது. வான் டைக்குக்கு முழங்காலில் காயம். அந்த ஓட்டையை அடைக்க நடுக்கள வீரர்களான ஹென்டர்சனையும் ஃபபீனியோவையும் பின்களத்துக்கு இறக்கினார்கள். பறிக்கும் வேலையின் நடுத்தூண்களே இடம் மாறிவிட்டன. முன்கள வீரர்களின் பாய்ச்சலுக்குப் பின்னால் வழியை அடைக்க ஆளில்லை. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோல்வி, கிளப் வரலாற்றிலேயே முதல்முறை. ஓட்டம் குறைந்ததாகச் சொல்ல முடியாது, அமைப்புதான் குலைந்தது.

2024 ஜனவரியில், தன்னிடம் சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி க்ளோப் விலகலை அறிவித்தார். 2025இலிருந்து ரெட் புல் நிறுவனத்தின் கால்பந்து அணிகளுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். அந்த அணிகளுக்கு இந்தப் பாணியைப் பல ஆண்டுகளுக்கு முன்பு ஊட்டியவர் ராங்னிக்.

அடுத்த ஆட்டத்தில் எப்படிக் கவனிப்பது

தாக்கும் அணி பந்தை இழக்கும் நொடியில் பந்தைப் பார்க்காதீர்கள். இழந்த அணியின் மற்ற மூன்று நான்கு பேரைப் பாருங்கள். அவர்களுடைய முதல் இரண்டு அடி எந்தப் பக்கம் போகிறது? தங்கள் கோலை நோக்கித் திரும்பினால் அந்த அணி பின்வாங்குகிறது. பந்தை நோக்கி வந்தால், ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான நேரம் ஒன்றும் நடக்காது. எதிராளி அவசரமாக உதைப்பார், பந்து த்ரோ-இன்னுக்குப் போகும், கேமரா வேறெங்கோ திரும்பிவிடும். அதுவும் வெற்றிதான், ஏனென்றால் ஓர் எதிர்த்தாக்குதல் பிறக்காமலே போயிற்று. இப்படிப்பட்டவை ஹைலைட்ஸில் ஒருபோதும் வராது. அதனால் அந்த லிவர்பூல்-சிட்டி ஆட்டத்தின் இரண்டாம் பாதியை முழுசாகத் தேடிப் பாருங்கள், கோல்களுக்கு நடுவே இருக்கும் நிமிடங்களை வேகமாக ஓட்டிவிடாமல்.